பெரெஸ் எலியும் பாட்டி கதையும்

ஸ்பெயின் நாட்டின் தலைநகராகிய மாட்ரிட்டில் ஆரெனால் என்றொரு தெரு உண்டு. அரண்மனைக்கு அணித்தே உள்ள கடைத்தெரு அது. அத்தெருவின் 8-ஆம் எண் கட்டடத்தில், 2003-ஆம் ஆண்டு அந்நகராட்சியார் ஒரு நினைவுப் பலகை பதித்தனர். மன்னர்க்கும் புலவர்க்கும் படைத்தலைவர்க்கும் பலகை பதிப்பது எந்நகரிலும் உள்ள வழக்கந்தான். இப்பலகையோ ஓர் எலிக்கு உரியது. பெரெஸ் என்னும் பெயருடைய எலியார் இவ்விடத்திலிருந்த மிட்டாய்க்கடையில் ஒரு பிஸ்கோத்துப் பெட்டிக்குள் குடியிருந்தார் என்பதே அப்பலகை நமக்குத் தெரிவிக்கும் செய்தி.

நேயர்களே! கதையில் பிறந்த எலிக்கு ஒரு நகராட்சி மரியாதை செய்ததை வேடிக்கை என்று கொள்ளலாம். எனினும் அவ்வெலி வந்த வழியைத் தேடிப் புறப்படுவோமாயின், அவ்வழி ஆண்டலூசிய நாட்டுக் குடிசைகளிலும், ஓர் இளம் மன்னனின் படுக்கையறையிலும், கரீபியக் கடலின் தீவொன்றிலும், நியூயார்க் நகரத்து நூலகமொன்றிலும் புகுந்து செல்லக் காண்போம். பாட்டி சொன்ன கதையை ஒருவர் குழந்தைகளுக்காக ஏட்டில் எழுதும்போது அக்கதை என்ன ஆகிறது? எழுதுகிறவரும் கேட்கிற குழந்தையும் தம் ஊரை விட்டு வந்தவர்களாயின் அது என்ன ஆகிறது? தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிள்ளைகளை வளர்க்கின்ற நமக்கு இவ்வினா புதிதன்று. பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, அடுக்களையில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைக்குப் பாட்டி கதையை எம்மொழியில் சொல்வது?

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிற்றெறும்பு தன் வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தது. குப்பையில் ஒரு செப்புக்காசு கிடைத்தது. 'இக்காசுக்கு என்ன வாங்கலாம்? தின்பண்டம் வாங்கினால் தின்றதும் தீர்ந்துவிடும்' என்று பலவாறு எண்ணிப் பார்த்து, இறுதியில் முகப்பூச்சு வாங்கிப் பூசிக்கொண்டு பலகணியருகே வந்து அமர்ந்தது. அவ்வழியே சென்ற காளை, நாய், பூனை, சேவல் எல்லாம் அதன் அழகைக் கண்டு மயங்கி மணம் பேச வந்தன. வந்தவரிடமெல்லாம் எறும்பு கேட்டது ஒரே கேள்வி: 'மணந்தபின் என்னோடு எவ்வாறு பேசுவாய்?' காளை முக்காரமிட்டது; நாய் குரைத்தது; சேவல் தொண்டை கிழியக் கூவியது. எறும்பு நடுங்கிப்போய் ஒவ்வொருவரையும் அனுப்பிவிட்டது. கடைசியில் வந்தான் பெரெஸ் என்னும் எலி. அவன் பேச்சு மெல்லிய கீச்சொலியாயிருந்தது. அவனையே எறும்பு மணந்தது.

இங்கே முடிந்திருந்தால் அது மற்றுமொரு மங்கலக் கதையாய்ப் போயிருக்கும். அவ்வாறு முடியவில்லை. ஒருநாள் எறும்பு வெளியே சென்றிருந்தபோது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானையை எட்டிப் பார்த்த பெரெஸ் அதற்குள் விழுந்து மாண்டான். அதன்பின் தொடங்குகிறது ஓர் ஒப்பாரி. எறும்பு அழுவதைக் கண்ட பறவை தன் அலகைத் துண்டித்துக்கொள்கிறது. அலகிழந்த பறவையைக் கண்ட புறா தன் வாலைக் கத்தரித்துக்கொள்கிறது. புறாவின் துயர் கண்ட புறாக்கூடு தானே இடிந்து விழுகிறது. ஊற்று வற்றுகிறது. நீர் மொள்ள வந்தவள் குடத்தை உடைக்கிறாள். செய்தி அரண்மனைக்கு எட்டவே அரசன் தன் முடியைக் கழற்றிவிடுகிறான். ஒரு சுண்டெலியின் சாவுக்கு ஓர் அரசே துக்கம் காக்கிறது.

இக்கதை ஸ்பெயினில் மட்டும் வழங்குவதன்று. பாரசீகத்தில் 'கரப்பான் சித்தி' என்னும் கதை உண்டு. அங்கே மணமகள் எறும்பன்று, கரப்பான்பூச்சி. மணம் பேச வந்தவரிடம் அவள் கேட்கும் கேள்வியும் வேறு: 'கோபம் வந்தால் என்னை எதைக்கொண்டு அடிப்பாய்?' கசாப்புக்காரனும் பிறரும் தத்தம் தொழிற்கருவியைச் சொல்கிறார்கள். எலி மட்டும், 'என் மெல்லிய வாலால்' என்கிறான். அவனும் கஞ்சிப் பானையில்தான் விழுகிறான். அடுக்கடுக்காக வளரும் ஒப்பாரிக்கு நம் பஞ்சாப் நாட்டிலும் இணையுண்டு. பெண்குருவியொன்றின் சாவுக்காக மரமும் ஆறும் குயிலும் துயர்ப்படும் கதையொன்று 1894-இல் ஃப்ளோரா ஆனி ஸ்டீல் அம்மையார் வெளியிட்ட பஞ்சாபிக் கதைத் தொகுதியில் இருக்கிறது. இவற்றுள் எது தாய், எது சேய் என்று முடிவுகட்டுவது அறிஞர் தொழில். வழியொன்று இருந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை. நம் பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் சென்று பகலவியாகி, 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபாவின் கையில் அரபியாகி, 1251-இல் ஸ்பெயினின் இளவரசர் அல்ஃபோன்சோவின் ஆணையால் கஸ்தீலிய மொழியாயிற்று. மாப்பானையைத் தொங்கவிட்டுக்கொண்டு மனக்கோட்டை கட்டிய பஞ்சதந்திரத்துப் பிராமணன், 1335-இல் டான் ஹுவான் மானுவேல் இயற்றிய நூலில் தேன்பானை சுமந்து சந்தைக்குச் செல்லும் துருவானா என்னும் பெண்மணியாகிவிட்டான். பானை உடைந்தது மட்டும் மாறவில்லை.

பெரெஸ் எலியை முதலில் ஏட்டில் ஏற்றியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் 'ஃபெர்னான் கபயேரோ'. இஃது ஓர் ஆடவர் பெயர். இப்பெயருக்குள் மறைந்திருந்தவர் செசிலியா போல் தே ஃபாபர் என்னும் அம்மையார். ஜெர்மானியத் தந்தைக்கும் ஸ்பானியத் தாய்க்கும் 1796-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, ஆண்டலூசியாவில் வாழ்ந்து, அங்குள்ள குடியானவர்கள் சொல்லிய கதைகளையும் விடுகதைகளையும் பழமொழிகளையும் அரிதின் முயன்று திரட்டியவர். பிறந்த நாடு ஒன்று, வளர்ந்த மொழி பல, உள்ளத்தில் குடிகொண்ட ஊர் மற்றொன்று. பாமர மக்களின் கதைக்கு அருமை இருக்கிறது என்பதை முதலில் உணர்பவர் பெரும்பாலும் இப்படி ஓரடி வெளியே நிற்பவராகவே இருத்தலைக் காண்கிறோம். எறும்பும் பெரெஸும் அவருடைய முதுமைக்காலத்துத் தொகுதியில் இடம்பெற்றார்கள். அவர் 1877-இல் காலமானார்.

அவரைக் குருவாகப் போற்றிய எழுத்தாளர் ஒருவர் இருந்தார். ஏசு சபைத் துறவியாகிய லூயிஸ் கோலோமா என்பவர் அவர். இவரிடந்தான் எலிக்கு அரண்மனை வாசம் கிட்டியது. அக்காலத்தில் ஸ்பெயினின் மன்னர் ஒரு சிறுவர். 13-ஆம் அல்ஃபோன்சோ 1886-இல் பிறப்பதற்கு முன்பே தந்தையார் இறந்துவிட்டமையால் பிறக்கும்போதே அரசராய்ப் பிறந்தவர். தாயார் மரியா கிறிஸ்தினா ஆட்சிப் பொறுப்பேற்றிருந்தார். அரசருக்கு எட்டு வயதளவில் பால் பல் விழுந்தது. அதற்கொரு கதை எழுதித் தருமாறு கோலோமாவிடம் கேட்கப்பட்டது. விழுந்த பல்லை எலியிடம் ஒப்படைத்து நல்ல பல் கேட்பது பல நாட்டார் வழக்கம். நம் ஊர்களில் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்த நினைவு உங்களுள் பலருக்கு இருக்கும். கோலோமா அவ்வழக்கத்தை எடுத்து, பெரெஸ் என்னும் பெயரை அதனோடு சேர்த்தார்.

அவர் புனைந்த கதையில் புபி என்னும் குட்டி அரசன் தன் பல்லைக் கடிதத்தோடு தலையணைக்கடியில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். வைக்கோல் தொப்பியும் பொன் கண்ணாடியும் சணல் காலணியும் அணிந்து, முதுகில் சிவப்புப் பையுடன் பெரெஸ் வருகிறார். எலி தன் வால் நுனியை அரசனின் மூக்கில் நுழைக்க, அவன் ஒரு தும்மல் தும்மிச் சுண்டெலியாக மாறுகிறான். இருவரும் நகரத்தின் சாக்கடை வழியே செல்கிறார்கள். ஆரெனால் தெருவிலுள்ள பிராஸ்ட் மிட்டாய்க்கடையும் பிஸ்கோத்துப் பெட்டியும் அங்கேதான் வருகின்றன. பின்னர் ஒரு கூரைமச்சில் குளிரில் சுருண்டு கிடக்கும் ஏழைச் சிறுவன் கிலியைக் காண்கிறார்கள்; அவனும் பல்லிழந்து எலிக்காகக் காத்திருப்பவன். அரண்மனைக்கு மீண்ட புபி தாயிடம் கேட்கிறான்: 'என்னிடம் எல்லாம் இருக்க, அவனிடம் ஒன்றும் இல்லையே, ஏன்?' தாய் சொல்லும் விடை, அரசன் என்பவன் மூத்த அண்ணன் என்பது.

கதையில் நயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தும்மலும் தொப்பியும் எனக்கு மிகவும் பிடித்தவை. எனினும் நான் கருதுவதைச் சொல்லத்தான் வேண்டும். பழைய கதையில் எலிக்காக அரசன் முடியைக் கழற்றினான். புதிய கதையில் அரசனுக்குப் பாடம் சொல்ல எலி வேலைக்கு அமர்த்தப்பட்டது. கதை குடிசையை விட்டு மாளிகைக்குச் சென்றது. சென்ற இடத்தில் அது மரியாதை கற்றுக்கொண்டது. பானையில் விழுவதை மறந்துவிட்டது. அவ்வரசர் 1931-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். எலியோ இன்றும் ஸ்பானிஷ் பேசும் நாடுகள் பலவற்றில் தலையணைக்கடியில் காசு வைத்துக்கொண்டிருக்கிறது.

இடையே இரு பெயர்களை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். சதுர்னினோ கயேஹா என்பவர் மாட்ரிட்டில் 1876 முதல் சிறு சிறு கதைப் புத்தகங்களை மலிவு விலையில் அச்சிட்டுக் குவித்தார். 'கயேஹாவை விட மிகுதியாகக் கதை வைத்திருக்கிறான்' என்று புளுகனைச் சுட்டும் பழமொழியே தோன்றிவிட்டதென்றால் அவருடைய உழைப்பை அளந்துகொள்ளலாம். மற்றவர் கியூபா நாட்டு விடுதலை வீரர் ஹோசே மார்த்தி. நாடு கடந்து வாழ்ந்த அவர், 1889-இல் நியூயார்க்கிலிருந்தபடியே அமெரிக்கக் கண்டத்துச் சிறுவர்களுக்காகப் 'பொற்காலம்' என்னும் பொருளுடைய ஸ்பானிஷ் மாத இதழை நடத்தினார். நான்கு இதழ்களோடு அது நின்றது. ஆனால் பிறர் நாட்டிலிருந்துகொண்டு தம் மொழிக் குழந்தைகளுக்கு எழுதுவது என்னும் செயல் நியூயார்க்கில் அப்போதே தொடங்கிவிட்டது.

இனி அதே நகருக்கு வருவோம். 1898-இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் நடந்த போரின் முடிவில் புவேர்ட்டோ ரிக்கோ என்னும் தீவு கைமாறியது. 1917-இல் அத்தீவினர் அமெரிக்கக் குடிமக்களாயினர். அத்தீவின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புகுத்தும் முயற்சி பல வடிவங்களில் நடந்து, 1949-இல்தான் ஸ்பானிஷ் மீண்டும் பயிற்றுமொழியாயிற்று. பிழைப்பு நாடிப் பெருநிலத்துக்குச் சென்றோர் நாளடைவில் பெருகினர். 1960-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோ வழியினர் 6 லட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர்.

இவர்களுக்கெல்லாம் வெகுமுன்பே, 1920-இல், சகோதரியின் திருமணத்துக்காக அந்நகருக்கு வந்தார் ஓர் இளம்பெண். சீத்ரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஆசிரியையாக விரும்பிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தவர். திருமணத்துக்கு வந்தவர் ஊர் திரும்பவில்லை. பூரா பெல்ப்ரே என்பது அவர் பெயர். 1921-இல் ஹார்லம் பகுதியிலுள்ள 135-ஆம் தெருவின் பொது நூலகக் கிளையில் வேலைக்கு அமர்ந்தார். அந்நூலகத்தில் பணியேற்ற முதல் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் அவரே.

குழந்தைகள் பகுதியில் பணிபுரிந்த அம்மையார் நாடோடிக் கதைகள் அடுக்கிய நிலைப்பெட்டிகளைப் பார்த்தார். பல நாட்டுக் கதைகள் அங்கே இருந்தன. தம் பாட்டி தமக்குச் சொன்ன கதைகளுள் ஒன்றுகூட இல்லை. இச்செய்தியை நான் முதன்முதல் படித்தபோது சற்று நிறுத்திக்கொண்டேன். நாம் குடியேறிய ஊர்களின் நூலகங்களில் குழந்தைகள் அலமாரிமுன் நின்று, நம் வீட்டுக் கதை ஏதேனும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தவர்கள் நம்மிலும் உண்டல்லவா?

அம்மையார் குறைகூறிக்கொண்டிராமல் எழுதத் தொடங்கினார். 1926-இல் நூலகப் பள்ளியில் பயின்றபோது, கதை சொல்லும் வகுப்புக்காகப் பாட்டி சொன்ன பெரெஸ் கதையை எழுதினார். தீவுக்கு வந்த கதையில் எறும்பு போய்க் கரப்பான்பூச்சி வந்திருந்தாள். மார்த்தினா என்பது அவள் பெயர். பாரசீகத்தில் இருந்த கரப்பான்பூச்சி எவ்வாறோ கடல் கடந்து மீண்டும் வந்து சேர்ந்த விந்தையை எண்ணிப் பாருங்கள்! அந்நூலகத்தின் கதைநேரத்தில் அச்சிட்ட நூலிலுள்ள கதைகளைச் சொல்வதே முறை. பெல்ப்ரே அம்மையாரின் கதைகளுக்கோ நூலே கிடையாது. ஆகவே அவருக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. 1929-இல் ஸ்பானிஷ் பேசுவோர் மிகுந்த 115-ஆம் தெருக் கிளைக்கு மாறிய பிறகு, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கதை சொன்னார். நூலகம் தமக்குரியது அன்று என்று எண்ணி வெளியே நின்ற தாய்மார்கள் பிள்ளைகளோடு உள்ளே வந்தார்கள். ஜனவரி 6-ஆம் நாள் மூவரசர் திருநாள் நூலகத்திலேயே கொண்டாடப்பட்டது. கீழ்த்திசை அரசர்களின் ஒட்டகங்களுக்கென்று குழந்தைகள் பெட்டியில் புல் வைத்துக் காத்திருக்கும் விழா அது.

1932-இல் 'பெரெஸும் மார்த்தினாவும்' ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. கோலோமாவின் எலி மறந்ததை இந்த எலி மறக்கவில்லை. பெரெஸ் பண்டிகைக்கு ஆக்கிய இனிப்புச் சோற்றுப் பானையில் விழுந்து மாள்கிறான். மார்த்தினா அவனுக்காக இன்றளவும் பாடி அழுகிறாள் என்று கதை முடிகிறது. குழந்தை நூலில் சாவு எதற்கு என்று கேட்போர் அன்றும் இருந்திருப்பர், இன்றும் இருக்கிறார்கள். ஊரையும் உறவையும் விட்டுக் கப்பலேறி வந்த வீட்டுக் குழந்தைக்கு இழப்பு என்பது தெரியாத பொருளன்று. அதனைப் பாட்டியின் வாயால், ஓர் எலியின் வடிவில் கேட்கும்போது அக்குழந்தை அழலாம், சிரிக்கவும் செய்யலாம். பெல்ப்ரே அம்மையார் கதையைத் திருத்தாமல் விட்டதே அவர் செய்த பெருஞ்செயல் என்பது என் துணிபு.

ஆனால் அவர் எழுதிய மொழி ஆங்கிலம். இதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் அறிக்கைகளையும் விதிகளையும் தமிழாக்குவதில் பகற்பொழுதைக் கழிப்பவன் நான். ஒரு சொல்லுக்கு நேரான சொல் கிடைத்துவிடும். அச்சொல்லைச் சுற்றியுள்ள அடுக்களை கிடைப்பதில்லை. பெரெஸ் என்பது ஸ்பானியரிடையே தெருவுக்குத் தெரு காணும் குடும்பப்பெயர். நம்மூர்க் கதையில் எலிக்குக் கந்தசாமி என்று பெயர் வைத்தாற்போல. அப்பெயரைக் கேட்டவுடன் ஸ்பானியக் குழந்தை சிரித்துவிடும். ஆங்கிலக் குழந்தைக்கு அது வெறும் அயற்பெயர். கரப்பான்பூச்சிக்கு ஸ்பானிஷில் 'குகராசா' என்று பெயர். அச்சொல்லிலிருந்தே 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் தன் சொல்லைப் பெற்றது. சொல் ஒன்றே, ஸ்பானிஷில் அது பாட்டில் வரும் பெண்பிள்ளை, ஆங்கிலத்தில் அருவருப்பு. இதனையறிந்த பெல்ப்ரே, மார்த்தினா ஸ்பானிய மரபில் வந்தவள், தன் குடிப்பிறப்பில் பெருமிதங்கொண்டவள் என்று தொடக்கத்திலேயே சொல்லி, சிரிப்பை வேறொரு வாயிலால் உள்ளே கொண்டுவந்துவிட்டார். மணம் பேச வருவோரைச் 'செஞோர்' என்றே அழைக்கவிட்டார். எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தாய்மொழியில் எழுதாதது குற்றம் என்பாருக்கு, அக்காலத்து நியூயார்க்கில் ஸ்பானிஷில் அச்சிட்டிருந்தால் அந்நூலை எந்தப் பதிப்பகம் ஏற்றிருக்கும், எந்தப் பள்ளி வாங்கியிருக்கும் என்ற கேள்வியே விடை. அவர் செய்தது ஒரு சமரசம். எழுத்து ஆங்கிலம், வாய்மொழி இரண்டும். அச்சில் இழந்ததைக் கதைநேரத்தில் மீட்டுக்கொண்டார். 'பெரெஸும் மார்த்தினாவும்' பின்னர் ஸ்பானிஷிலும் வெளிவந்தது.

1946-இல் 'புலியும் முயலும்' என்னும் தொகுதி வெளியாயிற்று. புவேர்ட்டோ ரிக்கோவின் நாடோடிக் கதைகள் ஐக்கிய நாட்டில் ஆங்கில நூலாகத் தொகுக்கப்பட்டது அதுவே முதன்முறை. அத்தீவில் புலி கிடையாது. தென்னமெரிக்காவில் ஸ்பானியர் 'புலி' என்று அழைக்கும் ஜாகுவார்கூட அங்கே இல்லை. புலியைக் காணாத மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புலிக்கதை சொல்லி வந்திருக்கிறார்கள்! கதைகள் குடியேறியவர்களோடு வருகின்றன. வந்த நாட்டு விலங்குகளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கப்பலில் விலங்கிட்டுக் கொணர்ந்த ஆப்பிரிக்கர் கதைகளும், ஸ்பானியக் குடியானவர் கதைகளும் அத்தீவில் ஒன்றோடொன்று கலந்தன. 1914, 1915 ஆண்டுகளில் ஆல்டன் மேசன் என்னும் அறிஞர் அங்கே திரட்டிய பெருந்தொகுதியில் ஹுவான் போபோ என்னும் அசட்டுப் பிள்ளையின் கதைகள் நிறைய உண்டு. அத்தொகுதியைப் பதிப்பித்த அவுரேலியோ எஸ்பினோசா, தார் பூசிய பொம்மையில் ஒட்டிக்கொள்ளும் முயலின் கதைக்கு மூலம் நம் நாட்டுப் புத்த ஜாதகத்தில் இருக்கிறது என்று 1930-இல் வாதித்தார். ஹுவான் போபோவைப் பெல்ப்ரே அம்மையாரும் 1962-இல் ஒரு நூலுக்கு நாயகனாக்கினார்.

ஸ்பானியர் வருமுன் அத்தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்களுக்கும் புராணங்கள் இருந்தன. கொலம்பஸின் விருப்பப்படி ரமோன் பானே என்னும் துறவி, ஹிஸ்பானியோலாத் தீவில் அவர்களோடு தங்கி, 1498-ஐ ஒட்டி அவற்றை எழுதிவைத்தார். மகனைக் கொன்ற யாயா என்பவன் அவன் எலும்புகளைச் சுரைக்குடுக்கையிலிட்டுக் கூரையில் கட்டித் தொங்கவிட்டான், எலும்புகள் மீன்களாயின, பின்னொருநாள் நால்வர் சகோதரர் அக்குடுக்கையைத் திருட்டுத்தனமாக இறக்கியபோது அது விழுந்து உடைந்தது, பெருகிய நீரே கடலாயிற்று. எழுதுவார்க்கு இதனினும் நல்ல தொடக்கம் வேண்டுமோ? பானே எழுதிய ஸ்பானிஷ் மூலம் அழிந்துபோயிற்று. 1571-இல் வெனிஸ் நகரில் அச்சான ஓர் இத்தாலிய மொழிபெயர்ப்பே அதனை நமக்குக் காத்துத் தந்தது. மொழிபெயர்ப்பாளனை நிழல் என்பவர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெல்ப்ரே அம்மையார் தம் முதுமையில், 1973-இல் வெளியிட்ட நூலில், தாயினோ மக்கள் காலத்துச் செய்திகளையும் கதைகளாக்கிச் சேர்த்தார்.

அவர் வாழ்வில் இடையே ஓர் இடைவெளி உண்டு. 1943-இல் கருப்பினத்து வயலின் இசைஞரான கிளாரென்ஸ் கேமரன் வைட் என்பவரை மணந்து, நூலகப் பணியை விட்டார். 1960-இல் கணவர் மறைந்தபின் மீண்டும் அழைக்கப்பட்டார். நகரின் தென் பிராங்க்ஸ் பகுதியில் 1968-இல் தொடங்கிய நூலகத் திட்டத்தில், தாமே பொம்மைகள் செய்து, தூக்கிச் செல்லத்தக்க சிறு மேடையோடு குடியிருப்புகளுக்குச் சென்று பொம்மலாட்டம் நடத்தினார். அமெரிக்க நாட்டில் ஊர் ஊராகச் சென்று ஆப்பிள் விதை நட்ட ஜானி ஆப்பிள்சீட் என்பவரைப்போல் தாம் கதை விதைக்க விரும்பியதாக அவர் கூறுவதுண்டு. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் காலமானார்.

அவருக்குப் பின் எழுதியோர் பலர். கொண்ட துணிவும் மிகுதி. மெக்சிகோ வழியினர் ஆற்றங்கரையில் குழந்தைகளைத் தனியே விடாமலிருக்கச் சொல்லும் பேய்க்கதை ஒன்று உண்டு. தன் மக்களை நீரிலிட்டுவிட்டு இரவெல்லாம் தேடியழும் 'யோரோனா' என்னும் பெண்பேயின் கதை அது. டெக்சஸில் பிறந்த குளோரியா அன்சால்துவா 1995-இல் எழுதிய நூலில், தாயின் நோய்க்கு மூலிகை தேடிக் காட்டில் வழிதவறிய சிறுமிக்கு அப்பேயே வழிகாட்டுகிறாள். தலைமுறைகளாக அச்சுறுத்தப் பயன்பட்டவளைத் துணையாக்கிவிட்டார் ஆசிரியை. பாட்டிமார் ஏற்பார்களோ மாட்டார்களோ, பேத்திமார் மகிழ்ந்திருப்பர். 2018-இல் மியாமியைச் சேர்ந்த ராயன் கலேஹோ எழுதிய நீண்ட மாயக்கதையில், பாட்டியிடம் ஸ்பானியப் புராணங்களையெல்லாம் கேட்டு வளர்ந்த சார்லி எர்னாண்டஸ் என்னும் பையனுக்குத் திடீரெனக் கொம்பும் இறகும் முளைக்கின்றன. கதையென்று எண்ணியவை யாவும் உயிரோடு எதிரே வந்து நிற்கின்றன. அவனுக்கு அப்போது கைகொடுப்பது பள்ளிக் கல்வியன்று; பாட்டி சொன்னதில் எவ்வளவு நினைவிருக்கிறது என்பதே.

இத்தகைய நூல்களுக்கென்று அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைநூல் பிரிவும், ஸ்பானிஷ் பேசுவோர்க்குத் தொண்டாற்றும் நூலகர் அமைப்பும் சேர்ந்து ஒரு பரிசை ஏற்படுத்தின. பூரா பெல்ப்ரேயின் பெயரால் 1996 முதல் அது வழங்கப்பட்டு வருகிறது. 2008-இல் அப்பரிசின் சிறப்பு மதிப்பைப் பெற்ற நூல்களுள் ஒன்று, ஹவானாவில் பிறந்து சிறுவயதிலேயே ஜார்ஜியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கார்மென் டீடி என்பவர் எழுதியது. மார்த்தினாவின் கதைதான் அது. இங்கே பாட்டி பேத்திக்கு ஒரு சூழ்ச்சி சொல்லிக் கொடுக்கிறாள்: மணம் பேச வருகிறவன் காலணிமேல் காப்பியைக் கொட்டிப் பார், கோபம் வந்தால் அவன் எப்படிப் பேசுவான் என்பது தெரிந்துவிடும். சேவலும் பிறரும் சீறிவிட்டுப் போகிறார்கள். பெரெஸ் வருகிறான். மார்த்தினா காப்பிக் கோப்பையை எடுக்குமுன் அவனே அவள் காலணிமேல் காப்பியைத் தெளித்துவிடுகிறான். அவனுக்கும் கியூபாவில் ஒரு பாட்டி இருந்தாளாம்.